மூத்தம்மாவின் காவின் எந்தப் புத்தகத்தில்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த பாடசாலை விடுமுறையில் நான் எங்கும் சுற்றுலா போகவில்லை. என் மூத்தம்மாவின், அதாவது உம்மாவின் உம்மாவின், விவாகப் பதிவைத் தேடித் திரிந்தேன். அவருக்கு இப்போது 83 வயது. மூத்தாப்பா மவுத்தாகி நான்கு வருடம். மூத்தாப்பாவின் பெயரில் இரண்டரை ஏக்கர் வயல் இருக்கிறது. உறுதிக் காணி இல்லை, அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால் அவருடைய வாழ்க்கைத்துணை ஆயுள் உள்ளவரை அந்தக் காணியை அனுபவிக்கலாம். ஆனால் வாழ்க்கைத்துணை என்பதைக் காட்ட வேண்டும். கந்தோரில் கேட்டது ஒரே ஒரு கடதாசி: விவாகச் சான்றிதழ்.

மூத்தம்மாவிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அறுவது வருஷத்துக்கு மேல ஒரே ஊட்ட இரிந்தம். ஆறு புள்ள பெத்தன். மையித்துக்கும் நான்தான் இத்தா இரிந்தன். இவங்களுக்கு இன்னும் என்ன கடதாசி வேணுமாம் மகள்?"

கடதாசி இருந்திருக்கிறது. ஒரு றங்குப் பெட்டிக்குள், வீட்டு உறுதியோடு மடித்து வைத்திருந்தாராம். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு வந்த சூறாவளியில் கூரை போனது, பெட்டியும் போனது. கிழக்குக் கரையில் அந்த இரவில் இப்படிப் போன பெட்டிகள் எத்தனையோ. அதற்குப் பிறகு அந்தக் கடதாசி யாருக்கும் தேவைப்படவில்லை. மூத்தாப்பா உயிரோடு இருக்கும் வரை "இவர் உங்கட புருஷனா?" என்று கேட்க ஆள் இல்லை.

நான் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறவள். முதலாம் நிலை மூலாதாரம், இரண்டாம் நிலை மூலாதாரம் என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! கல்வியியற் கல்லூரியில் அதற்கு ஒப்படைகூட செய்து நல்ல புள்ளி வாங்கினேன். ஆனால் ஒரு மூலாதாரத்தைத் தேடி நானே கந்தோர் ஏறியது இதுதான் முதல் தடவை.

பதிவுப் பிரிவில் இருந்த தம்பி நல்ல மனிதர். "டீச்சர், பதிவிலக்கம் தெரியுமா?" தெரியாது. "திகதி?" தெரியாது. "சரி, வருஷம்?" மூத்த மாமா 1959 இல் பிறந்தார், அதனால் 1958 ஆக இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். "நிக்காஹ் எங்கே நடந்தது? எழுதின பதிவாளர் யார்?" அதுவும் தெரியாது. மூத்தாப்பாவின் ஊரைப் போட்டு, 1958 என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு கிழமையால் பதில் வந்தது. அப்படி ஒரு பதிவு காணப்படவில்லை.

உம்மாவின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். "பெற்றோர் விவாகமானவர்களா?" என்ற கூட்டில் "ஆம்" என்று இருக்கிறது. எங்கே, எப்போது என்று அதில் இல்லை. ஆக, அரசாங்கத்தின் ஒரு புத்தகம் மூத்தம்மாவைக் கல்யாணம் ஆனவர் என்கிறது. இன்னொரு புத்தகத்தில் அவரைக் காணவில்லை.

அங்கிருந்துதான் எனக்கு இந்தப் பதிவுகளின் வரலாறு பிடித்துக்கொண்டது. எங்கள் விவாகங்களை யார், எப்போதிருந்து, எதற்காக எழுதத் தொடங்கினார்கள்?

முதலில் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் பொது விவாகச் சட்டம் என்பது 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன்படி கல்யாணம் முடிக்கப் போகிறவர்கள் முதலில் பதிவாளருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். 12 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் கிடைக்கும், அதன் பிறகுதான் விவாகம். காத்திருக்க முடியாதவர்கள் விசேட அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். அங்கே கடதாசி முன்னே போகிறது, கல்யாணம் பின்னே வருகிறது. இரண்டு பேரும் முஸ்லிமாக இருந்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. எங்களுக்கு முன்கூட்டிய அனுமதிப்பத்திரம் என்று ஒன்று இருந்ததில்லை. வலி கொடுக்கிறார், மாப்பிள்ளை ஏற்கிறார், சாட்சிகள் கேட்கிறார்கள், நிக்காஹ் முடிந்தது. அதன் பிறகுதான் புத்தகம் திறக்கும்.

தேடுகிற ஆளுக்கு இந்த வித்தியாசம் பெரியது. மற்றவர்களின் கல்யாணம் ஒன்றுக்கு அறிவித்தல் ஒரு தடயம், பதிவு இன்னொரு தடயம். ஒன்று தவறினால் மற்றதில் பிடிக்கலாம். எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பக்கம். அது கிடைக்காவிட்டால் அரசாங்க ஏட்டில் வேறு வாசல் இல்லை.

இன்னும் பின்னால் போவோம். ஒல்லாந்தர் ஆட்சியில் 'தோம்பு' என்ற இடாப்புகள் இருந்தன. சொல் போர்த்துக்கேயம், ஏடு ஒல்லாந்தம். குடும்பத்தலைவன் யார், மனைவி யார், பிள்ளைகள் எத்தனை, காணி எவ்வளவு என்று எழுதினார்கள். பாசத்தில் எழுதவில்லை. வரியும் ஊழியமும் வாங்குவதற்கு ஆள் கணக்கு வேண்டுமே. அவர்களுடைய சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்களுக்குப் பாடசாலைத் தோம்பு என்று வேறொன்று இருந்தது. ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் அதில் பதிந்தவர் யார் தெரியுமா? ஊர்ப் பாடசாலை ஆசிரியர்! டெங்கு ஒழிப்பு முதல் தேர்தல் கடமை வரை எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் புறுபுறுக்கிறோமே, அந்த வழக்கத்துக்கு 250 வருடத்துக்கு மேல் வயது. இந்தத் தோம்புகள் இன்று கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. கொழும்பு, காலி, மாத்தறைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் முயற்சி செய்தால் குடும்பத் தோம்பில் 'மூர்' என்ற அடையாளத்தோடு பாட்டன் பூட்டனைச் சந்திக்க இடமுண்டு. எங்கள் கிழக்குக்கு அது எட்டாத தூரம்.

எங்கள் விவாகச் சட்டமும் அந்தக் காலத்தில்தான் கப்பல் ஏறி வந்தது. ஒல்லாந்தர் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அங்குள்ள முஸ்லிம்களுக்காக ஒரு தொகுப்புச் செய்து வைத்திருந்தார்கள். ஆளுநர் ஃபால்க் 1770 இல் அதை இங்கே இறக்கினார். ஆங்கிலேயர் வந்ததும் அதையே கொழும்பு முஸ்லிம் தலைவர்களுக்குக் காட்டித் திருத்தி 1806 ஆகஸ்ட் 5 ஆம் திகதி சட்டக்கோவையாக்கினார்கள். அது கொழும்பு மாகாணத்துக்கு மட்டும். 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம்தான் அதை முழுத் தீவுக்கும் விரித்தது. அரபியிலிருந்து ஒல்லாந்த எழுதுவினைஞரின் கை வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கடைசியில் எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்த சட்டம். வழியில் எவ்வளவு உதிர்ந்தது, எவ்வளவு ஒட்டியது என்பதை உலமாக்களும் சட்டத்தரணிகளும் பேசட்டும். நான் கவனித்தது வேறொன்று. சட்டம் வந்து 100 வருடத்துக்கு மேல் எங்கள் விவாகங்களுக்கென்று தனியான அரசாங்கப் புத்தகம் இருக்கவில்லை. 1886 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம்தான் முஸ்லிம் விவாகப் பதிவுக்கென்று வந்தது. பிறகு 1929 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், அது நடைமுறைக்கு வந்தது 1937 ஜனவரி 1. காதி நீதிமன்றங்கள் அதிலிருந்துதான். அதற்குப் பிறகு இன்றுவரை நாம் பேசிக்கொண்டும் சண்டை பிடித்துக்கொண்டும் இருக்கும் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 1954 ஆகஸ்ட் 1.

இந்த 1951 சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டவை 16 ஆம், 17 ஆம் பிரிவுகள். நிக்காஹ் முடிந்த உடனே பதிய வேண்டும் என்கிறது 17. பதியாமல் விடுவது குற்றம். ஆனால் பதிந்ததனால் மட்டும் ஒரு விவாகம் செல்லுபடியாகிவிடாது, பதியாததனால் மட்டும் செல்லுபடியற்றதாகியும் விடாது என்கிறது 16. கட்டாயம் எழுது, எழுதாவிட்டாலும் கல்யாணம் கல்யாணம்தான். முதலில் வாசித்தபோது, இது என்ன ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிற வேலை என்று நினைத்தேன்.

பிறகு கண்டியர் கதையைப் படித்தேன். 1859 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தால் ஆங்கிலேயர் கண்டிச் சிங்களவருக்குப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். ஒரு பெண்ணுக்குப் பல கணவர், ஒரு ஆணுக்குப் பல மனைவியர் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் நோக்கம். பதியாத விவாகம் விவாகமே இல்லை. மலை நாட்டுக் கிராமத்து மக்கள் பரம்பரை வழக்கப்படி கல்யாணம் முடித்துக்கொண்டே இருந்தார்கள், கந்தோருக்குப் போகவில்லை. என்ன நடந்தது? ஊருக்கே தெரிந்த புருஷன் பெண்சாதி சட்டத்தின் கண்ணில் அந்நியர். பிள்ளைகள் சட்டவிரோதப் பிள்ளைகள். முதுசத்தில் பங்கு கேட்டால் இல்லை. பத்துப் பதினொரு வருடத்தில், 1870 இல், 3 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்து நிலைமையைச் சீர்செய்ய வேண்டி வந்தது. அதைப் படித்த பிறகு 16 ஆம் பிரிவு மீது எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. அந்தப் பிரிவு இருப்பதனால்தான் கடதாசி தொலைந்த என் மூத்தம்மா இன்றும் சட்டப்படி மூத்தாப்பாவின் மனைவி.

கோபம் முழுதாகப் போகவில்லை. பதியாவிட்டாலும் செல்லும் என்பது நீதிமன்றத்தில் வாதாடும்போது உதவும். கந்தோர் மேசைக்கு முன்னால் 83 வயதில் நிற்கும்போது உதவாது. அங்கே கேட்பது பிரதியை. பதிவு இல்லாமல் விடுவது ஆணுக்குப் பெரிதாக வலிப்பதில்லை, காணி அவர் பெயரில், வேலை அவர் பெயரில், பென்சன் அவர் பெயரில். ஒரு நாள் "நான் இவருடைய மனைவி" என்று நிரூபிக்க வேண்டி வருவது அனேகமாகப் பெண்ணுக்குத்தான்.

சரி, தேடலுக்கு வருகிறேன்.

என் முதல் பிழை ஊரில். மூத்தாப்பாவின் ஊரைப் போட்டேன். எங்கள் கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்கு, குடி தாய்வழி, ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? கந்தோர்ப் படிவத்தைக் கண்டதும் மூளை நின்றுவிட்டது, வேறென்ன சொல்ல. நிக்காஹ் மூத்தம்மாவின் ஊரில் நடந்தது. எழுதியவரும் அந்த ஊர்ப் பதிவாளர். உங்கள் வீட்டில் யாராவது தேடுவதாக இருந்தால் முதலில் பெண்ணின் ஊரைப் பிடியுங்கள்.

இரண்டாவது பிழை வருஷத்தில். மூத்தம்மாவிடம் 1957, 1958 என்று கேட்டுப் பயனில்லை. "பெருவெள்ளம் வந்த வருஷம் நோன்புப் பெருநாள் கழிஞ்சு. வெள்ளம் வரக்குள்ள உங்கட பெரிய மாமா வயித்துலயும் இல்ல" என்றார். கிழக்கையும் வன்னியையும் மூழ்கடித்த பெருவெள்ளம் 1957 டிசம்பரில். அப்படியானால் கல்யாணம் 1957 இன் நடுப்பகுதி. வீட்டுக்காரர் எல்லோரும் ஒரு வருடம் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். கிராமத்துப் பெண்களிடம் ஆண்டு கேட்காதீர்கள். வெள்ளம், சூறாவளி, கொலரா, பெருநாள் என்று கேளுங்கள், திகதி தானாக வரும்.

மூன்றாவது விஷயம் பிழை இல்லை, எனக்குத் தோன்றாமல் போனது. 1957 இல் அம்பாறை மாவட்டம் என்று ஒன்று இல்லை! 1961 இல்தான் அது மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் எங்கள் ஊர்களெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தின் பற்றுகள்: கரைவாகுப் பற்று, நிந்தவூர்ப் பற்று, சம்மாந்துறைப் பற்று, அக்கரைப்பற்று, பாணமைப் பற்று. மூத்தம்மா இன்றும் பிரதேச செயலகத்தை 'டீஆரோ கந்தோர்' என்றுதான் சொல்வார். டீ.ஆர்.ஓ. போய் உதவி அரசாங்க அதிபர் வந்து, 1992 இல் பிரதேச செயலாளர் வந்து, பிரிவுகள் உடைந்து புதுப் பிரிவுகள் பிறந்து... புத்தகம் பழைய எல்லையை நினைத்துக்கொண்டு ஒரு அலுமாரியில் இருக்கிறது, நாம் புதிய எல்லையில் நின்று தேடுகிறோம்.

நான்காவது, பெயர். இதைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம். ஸைனப் என்பது செய்னம்பு, சைனம்பு. கதீஜா என்பது கதிசா, கத்தீசா. லெப்பை என்பது லெவ்வை. பதிவாளர் காதில் விழுந்ததைத் தமிழில் எழுதினார், இன்னொருவர் அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினார், அடையாள அட்டை எடுக்கும்போது மூன்றாமவர் அதைத் திரும்பத் தமிழாக்கினார். மூத்தம்மாவின் பெயரை முகநூலில் போடக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டபடியால் அவருடைய உதாரணத்தைத் தரவில்லை. மூன்று பத்திரத்தில் மூன்று விதம் என்று மட்டும் சொல்கிறேன்.

இத்தனையையும் திருத்தினாலும் மாதமும் நாளும் வேண்டும். அப்போது மூத்தம்மாதான் சொன்னார்: "லெப்பைட கொப்பியப் பாக்கலாமே."

அந்தக் காலத்தில் நிக்காஹ் நடத்திய லெப்பை அரசாங்கப் புத்தகத்தைத் தவிரத் தனக்கென்று ஒரு கொப்பி வைத்திருந்தார். பல ஊர்களில் பள்ளிவாசலிலும் இப்படி ஏடுகள் இருந்தன. யார் மகளை யார் மகனுக்கு, எந்தக் குடி, எந்த மரைக்கார் முன்னிலையில், மஹர் எவ்வளவு. அதைக் 'காவின் கொப்பி' என்பார்கள். கல்யாணத்தை நாம் 'காவின் எழுதுதல்' என்று சொல்கிறோமே, அந்தக் காவின் பாரசீகச் சொல். மஹரையும் மஹர்ப் பத்திரத்தையும் குறிக்கும். வங்காளத்தில் விவாகப் பத்திரத்துக்கு இன்றும் 'காபின்நாமா' என்றுதான் பெயர். பங்களாதேஷ் பெண்ணும் எங்கள் ஊர்ப் பெண்ணும் ஒரே சொல்லில்தான் கல்யாணம் முடிக்கிறார்கள். கந்தோர் ஒல்லாந்தச் சொல், தோம்பு போர்த்துக்கேயச் சொல், காவின் பாரசீகச் சொல். ஒரு கல்யாணத்தைக் கடதாசியில் ஏற்ற எத்தனை கப்பல் வந்திருக்கிறது பாருங்கள்.

லெப்பையின் பேரன் வீட்டில் கொப்பிகள் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தன. சுனாமித் தண்ணீர் அந்த வளவுக்குள்ளும் வந்ததாம். தகரம் உயரத் தட்டில் இருந்ததால் தப்பியது. திறந்து பார்த்தேன். முழுக்க அரபுத் தமிழ். அரபு எழுத்தில் எழுதிய தமிழ். நான் எழுத்துக்கூட்டித் தடவித் தடவி வாசிப்பேன். லெப்பையின் கையெழுத்து ஓடுகிற கையெழுத்து, எனக்கு ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. பேரனிடம் அனுமதி வாங்கிக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மூத்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கினார். அரசாங்கப் பத்திரங்களிலெல்லாம் பெருவிரல் அடையாளம் வைத்தவர் அவர். எழுத வாசிக்கத் தெரியாதவர் என்பது கணக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்த கூடு. அவர் அந்தக் கொப்பியை நான் பேப்பர் வாசிப்பது போல வாசித்தார். "இது பாத்தும்மாட மகள்... இது தெற்கு வளவு... இவர் ரெண்டாம் தாரம்..." ஊரே அவர் வாயில் எழும்பி வந்தது. இருபது இருபத்தைந்து பக்கம் புரட்டியிருப்பார். பிறகு விரல் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய வாப்பாவின் பெயரை மட்டும் ஒருமுறை வாசித்தார்.

ஹிஜ்ரி 1376, ஷவ்வால். அதாவது 1957 மே. வெள்ளமும் பெருநாளும் சரியாகப் பொருந்தின.

அடுத்த திங்கட்கிழமை அந்த மாதத்தையும் பெண்ணின் ஊரையும், பெயரின் மூன்று எழுத்துக் கூட்டலையும் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தம்பி பழைய புத்தகங்கள் இருக்கும் அறைக்குப் போய்வர ஒரு மணித்தியாலம். வரும்போது முகத்திலேயே தெரிந்தது. "டீச்சர், இரிக்கி!" புத்தகத்தின் தலைப்பில் மாவட்டம்: மட்டக்களப்பு.

பக்கத்தைக் காட்டினார். பார்த்துக்கொண்டே நின்றேன். மூத்தாப்பாவின் கையொப்பம் இருக்கிறது, இருபத்திரண்டு வயதுப் பொடியனின் சாய்ந்த எழுத்து. மூத்தம்மாவின் வாப்பா வலியாகப் போட்ட கையொப்பம் இருக்கிறது. நிக்காஹ் நடத்திய லெப்பை இருக்கிறார். பதிவாளர் இருக்கிறார். மூத்தம்மாவின் பெயர் இருக்கிறது, வயது 17 என்றிருக்கிறது. அடையாள அட்டைக் கணக்கில் அப்போது அவருக்கு 15. பதிவாளர் கேட்டதற்கு யாரோ ஒருவர் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார். 1951 சட்டத்தில் குறைந்த வயதெல்லை கிடையாது, பன்னிரண்டுக்குக் குறைந்த பிள்ளை என்றால் மட்டும் காதியின் அனுமதி வேண்டும். மற்றச் சமூகங்களுக்கு 1995 இல் 18 என்று ஆக்கினார்கள். அது இருக்கட்டும், நான் அந்தப் பக்கத்தில் தேடியது வேறு. மூத்தம்மாவின் கையொப்பத்தையோ பெருவிரல் அடையாளத்தையோ காணவில்லை. அதற்கு ஒரு கூடும் இல்லை. சட்டம் கேட்பது மாப்பிள்ளையின், வலியின், நிக்காஹ் நடத்தியவரின், பதிவாளரின் கையொப்பங்கள். மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. பதிவாளராக நியமிக்கப்படுபவரும் அந்தச் சட்டத்தின்படி ஆண்தான்.

இதைத் திருத்தச் சொல்லிப் பல வருடமாகக் குரல் இருக்கிறது. 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள், அறிக்கை வந்தது 2018 ஜனவரியில். குழுவுக்குள்ளேயே இரண்டு பக்கமாகப் பிரிந்துதான் வந்தது. நான் ஃபிக்ஹு படித்தவள் இல்லை, அதற்குள் போகவும் மாட்டேன். ஆனால் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுத்தானே வலி வருகிறார்? கேட்டதற்கு அடையாளமாக அவளுடைய கையால் ஒரு கீறல் அந்தப் பக்கத்தில் இருந்தால் யாருக்கு என்ன நட்டம்? இப்போது சில பள்ளிவாசல்களில் தனித்தாளில் வாங்குகிறார்கள், நல்லது. அந்தத் தனித்தாள் அறுபது வருடத்துக்குப் பிறகு எந்த றங்குப் பெட்டியில் இருக்கும் என்பதுதான் என் கவலை.

மஹர்: 101 ரூபா. மூத்தம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது இந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அத அவர் தரல்ல மகள். மவுத்துக்கு ரெண்டு நாளைக்கு முந்தி கையப் புடிச்சிக் கேட்டார், ஹலாலாக்கித் தா எண்டு. தந்துட்டன்."

பக்கத்தில் எழுதாத கணக்கும் உண்டு. வீடு பெண் பக்கத்தால் வந்தது. கையில் கொடுத்த காசு, கைக்கூலி, மூத்தம்மாவின் வாப்பா ஒரு வயல் துண்டை விற்றுக் கொடுத்தது. நாங்கள் பெற்ற பிரதியில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. இரண்டு குடும்பத்துக்கு இடையில் கைமாறியதில் மிகச் சிறிய தொகையைத்தான் ஏடு நினைவில் வைத்திருக்கிறது. எதிர்காலத்தில் ஒரு மாணவி இந்தப் புத்தகங்களை மட்டும் வைத்து எங்கள் கல்யாணங்களின் பொருளாதாரத்தை எழுதினால் எவ்வளவு பிழையாக எழுதுவாள்!

எங்களுக்குக் கிடைத்தது. கிடைக்காதவர்களை நினைக்கிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு புத்தளம் பக்கம் வந்தார்கள். அவர்களுடைய கடதாசியும் இங்கே இல்லை, புத்தகம் இருந்த கந்தோருக்குப் பல வருடம் போகவும் முடியாது. 2004 இல் கரையோரத்தில் வீட்டோடு சேர்த்துக் கடதாசியும் போனவர்கள் எத்தனை பேர். அவர்களில் பலருக்கு மூத்தம்மாவைப் போல நினைவு இருக்கிறது, லெப்பையின் தகரம் இல்லை.

அதனால் ஒரு சின்ன வேலை சொல்கிறேன், இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் உம்மா வாப்பாவின் விவாகப் பிரதியை எடுத்துப் பாருங்கள். பதிவிலக்கம், திகதி, பதிவாளர் பிரிவு மூன்றையும் போனில் படம் எடுத்துக் குடும்பத்தில் இரண்டு மூன்று பேரிடம் வையுங்கள். இலக்கம் தெரிந்தால் பிரதி எடுப்பது லேசு, தெரியாவிட்டால்தான் என் கதை. அடையாள அட்டையிலுள்ள பெயரோடு எழுத்து ஒத்துப் போகிறதா பாருங்கள். பிரதி இல்லாவிட்டால், அவர்கள் இருவரும் நினைவோடு இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள்: எந்த ஊர், எந்தப் பெருநாளுக்குக் கிட்ட, யார் நிக்காஹ் சொன்னது. வீட்டில் அரபுத் தமிழ்க் கொப்பி ஏதும் கிடந்தால் தயவுசெய்து "வாசிக்கத் தெரியாத பழைய கிதாபு" என்று கிணற்றில் போட்டுவிடாதீர்கள். வாசிக்கத் தெரிந்தவர் அடுத்த அறையில் இருக்கக்கூடும்.

கொப்பியைப் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தகரத்தில் ஏழு கொப்பிகள், 1940களிலிருந்து 1971 வரை. பேரன் சம்மதித்தால் அடுத்த தவணை விடுமுறையில் மூத்தம்மா வாசிக்க, நான் தமிழ் எழுத்தில் எழுதுவதாக இருக்கிறோம். அவருக்கும் சம்மதம், கண் பார்வைக்கு மட்டும் பகல் நேரம் வேண்டும் என்கிறார்.

பிரதியைக் காணிக் கந்தோரில் கொடுத்து மூன்று கிழமையாகிறது. படிவத்தில் மூத்தம்மா கையொப்பமிட வேண்டிய இடத்தில் பெருவிரலுக்கு மை டப்பாவை நீட்டினார்கள். அவர் பேனையைக் கேட்டு வாங்கி, அரபு எழுத்தில் தன் பெயரை எழுதினார். உத்தியோகத்தர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்தில் பெருவிரலும் வைக்கச் சொன்னார். வைத்தார். விசாரணைத் திகதி இன்னும் வரவில்லை.